50 மி.மீ. கார்பன் சைக்கிள் வீல்: முதல் ஓட்டம். முட்டுக்காடு வரை நான் வீரன்

நீலாங்கரை_5மணி | ஞாயிறு, பகல் 11:20

மூன்று மாதம் படம் பார்த்தே ஏங்கி, ஒரு மாதம் வீட்டில் பேச்சுவார்த்தை நடத்தி, போன வியாழக்கிழமை பெட்டி வந்து இறங்கியது. சீனாவிலிருந்து நேராக வரவழைத்தேன். சுங்க வரியோடு சேர்த்து மொத்தம் என்ன ஆனது என்பதை இங்கே எழுத மாட்டேன். வீட்டம்மா சில நேரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதுண்டு.

விவரம் கேட்பவர்களுக்கு: முன்னும் பின்னும் ரிம் உயரம் 50 மி.மீ., உள் அகலம் 21, வெளி அகலம் 29. டிஸ்க் பிரேக். சக்கரத்துக்கு 24 கம்பி. டயரைப் பிடிக்கும் கொக்கி உள்ள ரிம்தான். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தேன். ஜோடி 1,465 கிராம். வண்டியோடு வந்த அலுமினிய வீல் 1,920. டயர் அகலம் 28, ட்யூப் இல்லாமல் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றி மாட்டியது, காற்று 68 பிஎஸ்ஐ. நான் 75 கிலோ.

காலை 5:10க்கு நீலாங்கரையில் கிளம்பினேன், சென்னையிலிருந்து தெற்கே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். முதலில் தெரிந்தது வேகம் இல்லை, சத்தம். மிதிப்பதை நிறுத்தினால் பின் ஹப்பிலிருந்து சில்வண்டு கத்துவது மாதிரி ஒரு இரைச்சல். பனையூர் தாண்டுவதற்குள் இரண்டு தெரு நாய்க் கூட்டங்களை எழுப்பிவிட்டேன். இதுவரை என்னைக் கண்டுகொள்ளாமல் படுத்துக் கிடந்த நாய்கள். அதனால் நிறுத்தாமல் மிதித்தேன், அதுவும் நல்லதுதான்.

வேகம் 30 கி.மீ.க்கு மேல் போனதும் இன்னொரு சத்தம். வெற்றுக் குடத்துக்குள் ஊதுவது மாதிரி, அடியிலிருந்து ‘ஊம்ம்’ என்று. சொல்லப்போனால் அந்த ஊம்முக்குத்தான் காசு கொடுத்தேன் என்று தோன்றியது. எழுந்து நின்று மிதித்தால் வண்டி கை காட்டிய பக்கம் ஓடுகிறது. கோவளம் கடந்ததும் வேகம் 36ஐத் தொட்டு அப்படியே நின்றது. மாமல்லபுரத்தில் டீ குடித்துவிட்டு வீல் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். (படம் எடுக்க வண்டியைப் பெரிய பல்லில் நிறுத்தி, வால்வைக் கீழே வைத்து... உங்களுக்குத் தெரியாததா.)

திரும்பும்போது ஏழரை. ஆடி மாதம், மேற்குக் காற்று எழும்பிவிட்டது. சவுக்குத் தோப்பும் மதில் சுவரும் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. முட்டுக்காடு பாலத்தில் ஏறினேன். இடது பக்கம் படகுத்துறை, முழுக்கத் தண்ணீர், தடுக்க ஒரு மரம் கிடையாது. முன் சக்கரத்தை யாரோ உள்ளங்கையால் தள்ளியது போல இருந்தது. ஒரு முழம் வலப்புறம் போய்விட்டேன். வலப்புறம் என்றால் நடுரோடு. பின்னால் வண்டி எதுவும் வரவில்லை, அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மொத்தம் 80 சொச்சம் கி.மீ., சராசரி 31.5. வழக்கமாக இதே மிதிக்கு 30ஐ ஒட்டித்தான் வரும். ஒன்றரை கி.மீ. கூடியிருக்கிறது! ஆனால் அந்தப் பாலம்... இது பழகுமா, இல்லை நான்தான் தப்பான உயரத்தை வாங்கிவிட்டேனா?

கடைசி_கியர் | ஞாயிறு, பகல் 11:52

வாழ்த்துகள். ஒரே ஒரு கேள்வி. பழைய வீலில் என்ன டயர் இருந்தது? எவ்வளவு காற்று?

நீலாங்கரை_5மணி | ஞாயிறு, பகல் 12:05

வண்டியோடு வந்த 25 டயர், இரும்புக் கம்பி வைத்தது. சாதாரண ட்யூப். 100 பிஎஸ்ஐ. ஏன் கேட்கிறீர்கள்?

கடைசி_கியர் | ஞாயிறு, பகல் 12:09

அப்படியென்றால் நீங்கள் வீல் மாற்றவில்லை தம்பி. வீல், டயர், அகலம், காற்று, ட்யூப் ஐந்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, விலை கூடினதற்கு மாலை போட்டிருக்கிறீர்கள். அந்தப் புது டயரைக் கழற்றி பழைய வீலில் மாட்டி ஒரு ஞாயிறு போய்விட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.

வாட்_கணக்கு | ஞாயிறு, மாலை 4:30

கடைசி கியர் சொல்வது கசக்கும், ஆனால் கணக்கு அவர் பக்கம்தான். மழைக்கு முன் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன், போட்டுப் பார்த்தேன்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 84 கிலோ என்று வைப்போம். சமதளம், காற்றில்லை, 30 கி.மீ. வேகம். தேவைப்படும் 150 வாட்டில் ஏறக்குறைய 115 காற்றைக் கிழிக்கவே போகிறது. மீதி 35 டயர் உருள. காற்றுக்குப் போகும் அந்த 115லும் பெரும் பங்கு உங்கள் உடம்பு. இரண்டு சக்கரமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

கம்பெனிக்காரர்கள் 50 மி.மீ. வீல் 10, 15 வாட் மிச்சம் பிடிக்கும் என்று போடுவது பொய்யில்லை. ஆனால் அந்தச் சோதனை வழக்கமாக 45 கி.மீ. வேகத்தில் நடக்கிறது. காற்றுக்குச் செலவாகும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதே கணக்கில் இறங்கும். 45லிருந்து 30க்கு வந்தால் மிச்சமும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போய்விடும். 13 வாட் என்பது 4 வாட் ஆகிவிடும். 4 வாட்டுக்கு நமக்குக் கிடைப்பது மணிக்கு 300 மீட்டர்.

டயருக்கு வாருங்கள். வண்டியோடு வரும் தடி டயருக்கும் நல்ல பந்தய டயருக்கும் உருளும் தடையில் இருக்கிற வித்தியாசம் இதே வேகத்தில் 13, 14 வாட் வரை வரும். அதாவது மூன்று மடங்கு. விலை என்னவோ பத்தில் ஒரு பங்கு.

எடை பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். 455 கிராம் குறைந்திருக்கிறது, மொத்தத்தில் அரை சதவீதம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் 50 நிமிடத்தில் ஏறுகிறவருக்கு 16 வினாடி கிடைக்கும். சுழலும் எடை இரண்டு மடங்கு என்பார்கள். அது வேகம் கூட்டும் நொடியில் மட்டும்தான் உண்மை. ஒரே வேகத்தில் ஏறும்போது ரிம்மில் இருக்கிற கிராமும் தண்ணீர் பாட்டிலில் இருக்கிற கிராமும் ஒன்றே.

நீலாங்கரை_5மணி | ஞாயிறு, மாலை 4:41

மாலை நேரத்தில் மனதை உடைத்துவிட்டீர்கள் சார். அந்த ஊம்முக்கு எத்தனை வாட்?

வாட்_கணக்கு | ஞாயிறு, மாலை 4:44

அதைக் கேட்டு நீங்கள் கூடுதலாக மிதித்தீர்களே, 10 வாட்டாவது இருக்கும்.

ஐம்பது_கிலோ | ஞாயிறு, இரவு 8:15

காற்று பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் 75 கிலோ ஆளையே ஒரு முழம் தள்ளியது என்றால் என்னை நினைத்துப் பாருங்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் ஐம்பது கிலோ. பக்கக் காற்று சக்கரத்தின் மேல் போடும் விசை நமக்கு எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போடுவதில்லை. நீங்கள் சமாளிப்பதை நான் சமாளிக்க முடியாது.

போன வருடம் இதே ஆடியில் 60 மி.மீ. முன் சக்கரத்தோடு தெற்கே போய்க்கொண்டிருந்தேன். காற்று வலப்புறமிருந்து. சீராக அடித்தால் பயமில்லை அண்ணா, உடம்பு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்து சமன் செய்துகொள்ளும். நானும் சாய்ந்துதான் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சேரி பேருந்து ஒன்று முந்தியது. அது எனக்கும் காற்றுக்கும் நடுவே வந்த நொடியில் காற்று நின்றுவிட்டது. நான் சாய்ந்திருந்த பக்கமே வண்டி போனது, அதாவது பேருந்தை நோக்கி. கையை நிமிர்த்தினேன், அதற்குள் பேருந்து கடந்துவிட்டது, விட்ட காற்று மொத்தமாக வந்து மண் பக்கம் தள்ளியது. மூன்று வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேருந்தின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த நகைக்கடை விளம்பரத்தில் அந்தப் பெண்ணின் மூக்குத்தி எவ்வளவு பெரியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே முன் சக்கரத்தை 35க்கு மாற்றினேன். பின்னால் 60 அப்படியே இருக்கிறது. பின் சக்கரம் திசை திருப்பாது, அதனால் காற்று அதை என்ன செய்தாலும் கைக்கு வராது.

பழகுமா என்று கேட்டீர்கள். கொஞ்சம் பழகும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், முழங்கையை மடக்கித் தளர்த்தி வையுங்கள், கீழ்ப்பிடியில் பிடித்து முன்பக்கம் எடையைப் போடுங்கள். பாலத்துக்கு நூறு மீட்டர் முன்னாலேயே ஓரத்திலிருந்து கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்கள். இதெல்லாம் செய்தும் பயமாக இருந்தால், அது உங்கள் தைரியத்தின் குறை இல்லை.

உடுமலை_காற்றாடி | ஞாயிறு, இரவு 9:02

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார்கள், நீங்கள் 50 மி.மீ. பாய்மரம் கட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் விசாரணையே கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் காற்று அடிக்கிறது, அதனால்தான் ஊரைச் சுற்றிக் காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்கள். நான் செய்வது இதுதான்: வெளியே போகும் முன் மொட்டை மாடியில் நின்று காற்றாலை இறக்கை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று பார்ப்பேன். மேற்கே பார்த்திருந்தால், நான் தாராபுரம் பக்கம் போய்விட்டு பொள்ளாச்சி பேருந்தில் வண்டியை ஏற்றி வரலாமா என்று யோசிப்பேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன். பாதி விளையாட்டு.

வாட்_கணக்கு | ஞாயிறு, இரவு 9:40

முன் சக்கரம் பற்றி ஐம்பது கிலோ அக்கா சொன்னதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தைச் சேர்த்துவிடுகிறேன். முன் சக்கரம் ஹேண்டிலின் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சுக்கு முன்னால் பாதி சக்கரம், பின்னால் பாதி. காற்றின் தள்ளல் முன்பாதியில் கூடுதலாக விழுந்தால் ஹேண்டில் காற்றோடு திரும்பும். பழைய கார்பன் ரிம்கள் கத்தி மாதிரி கூராக, ‘வி’ வடிவில் இருந்தன. தள்ளல் முன்னாலேயே குவிந்தது. இப்போது வருபவை உள்பக்கம் மழுங்கலாக, ‘யு’ வடிவில் இருக்கின்றன. பின்பாதியும் தன் பங்குக்குத் தள்ளலை வாங்கிச் சமன் செய்கிறது. அதனால் இன்றைய 50, பத்து பதினைந்து வருடத்துக்கு முந்தைய 50ஐ விடச் சாது. இருந்தாலும் திடீர் வீச்சுக்கு எந்த வடிவமும் முழு மருந்தில்லை.

பந்தயக்காரர்களுக்கே இதற்கு எல்லை போட்டாயிற்று. 2026 முதல், உலக சைக்கிள் பந்தய அமைப்பான யூசிஐயின், எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும் சாலைப் பந்தயங்களில் ரிம் 65 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

கோட்டம்_எடுப்பவன் | திங்கள், காலை 7:30

கடை திறக்கும் முன் எழுதிவிடுகிறேன். அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடை. அவர் நூற்றுக்கணக்கில் ஹீரோ, அட்லஸ் ரிம்முக்குக் கோட்டம் எடுத்தவர். கார்பன் ரிம்மை முதலில் கையில் கொடுத்தபோது விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா, பறை மாதிரி சத்தம் போடுது, வளையுமா?” என்றார். வளையாதுப்பா, உடையும் என்றேன். “அப்போ நமக்கு அதில் வேலை இல்லை” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அது பாதி உண்மை. கார்பன் ரிம் குழியில் இறங்கினால் அலுமினியம் மாதிரி நெளியாது. ஒன்று தாங்கும், இல்லை விரிசல் விடும். பெரிய அடி வாங்கினால் டயரைக் கழற்றி விளிம்பு முழுக்க நகத்தால் தடவிப் பாருங்கள், ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். எல்லா இடத்திலும் ‘டக் டக்’ என்று வந்து ஓரிடத்தில் மட்டும் ‘தொப்’ என்றால் அங்கே அடுக்கு பிரிந்திருக்கிறது. அந்த வீலில் ஏறாதீர்கள்.

புது வீல் மாட்டியவர் கவனிக்க வேண்டியது இன்னும் இரண்டு. டிஸ்க் உரசுகிறதா? புது ஹப்பில் தட்டு உட்காரும் இடம் முடி அளவு மாறியிருக்கும். தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறி முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறம் முதல் இருநூறு கி.மீ.க்குப் பிறகு கம்பி இறுக்கத்தை ஒரு தடவை பார்க்கக் கொடுங்கள். நேராக இறக்குமதி செய்தவர்கள் இதைச் செய்வதே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து உடைந்த கம்பியோடு வருகிறார்கள்.

வால்வு பக்கம் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால் பேய் இல்லை. நீள வால்வு ரிம் துளையில் தட்டுகிறது. கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று போதும்.

புதுசு_2024 | திங்கள், காலை 10:18

என் வண்டி ரிம் பிரேக். அதற்கும் கார்பன் வீல் கிடைக்கிறதே, விலையும் குறைவாக இருக்கிறது. வாங்கலாமா அண்ணா?

காரவள்ளி_இறக்கம் | திங்கள், காலை 10:55

சமதளத்தில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் வாங்குங்கள். மலை இறங்குவீர்கள் என்றால் என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கொல்லிமலை, 70 கொண்டை ஊசி வளைவு. கார்பன் ரிம், ரிம் பிரேக், உள்ளே சாதா ட்யூப். பேட் மட்டும் கார்பனுக்கு என்று சொல்லிக் கொடுத்ததுதான். பாதி மலை இறங்கும்போது ஒரு நாற்றம். நெயில் பாலிஷும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி. முன்னால் போன லாரியின் கிளட்ச் என்று நினைத்தேன். அடுத்த வளைவுக்கு முன்னால் பின் ட்யூப் பட்டாசு மாதிரி வெடித்தது. முன் ட்யூப் வெடித்திருந்தால் கதை வேறு. இறங்கிப் பார்த்தால் பிரேக் பிடிக்கும் இடத்தில் ரிம் புடைத்துக்கொண்டு நின்றது, அம்மைக் கொப்புளம் மாதிரி. தொட்ட விரல் கொப்பளித்தது தனிக்கதை.

அலுமினியம் சூட்டை வேகமாகப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். கார்பனில் சூடு பிரேக் பிடித்த இடத்திலேயே நிற்கும், அதைப் பிணைத்திருக்கிற ரெசின் இளகிவிடும். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கியது நான்தான்.

வாட்_கணக்கு | திங்கள், காலை 11:10

84 கிலோ 600 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 494 கிலோஜூல் எங்கேயாவது போயாக வேண்டும். வேகமாக விட்டால் காற்று வாங்கிக்கொள்ளும். பயந்து பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் வாங்கிக்கொள்ளும். டிஸ்க் வந்த பிறகு இந்தத் தலைவலி ரிம்மை விட்டுப் போய்விட்டது, கார்பன் வீல் இவ்வளவு பேரிடம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசி_கியர் | திங்கள், பகல் 1:00

வயதானவன் என்பதற்காக ஒரு பழங்கதை. 1984 ஜனவரியில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 51.151 கி.மீ. ஓட்டினார். கம்பியே இல்லாத தட்டுச் சக்கரம். அன்றைக்குத்தான் சக்கரத்தின் வடிவத்துக்கும் காற்றுக்கும் உள்ள உறவு ஊருக்கெல்லாம் தெரிந்தது. ஆனாலும் கல் பாவிய ரோட்டுக்குக் கார்பன் தாங்காது என்றே பல காலம் சொன்னார்கள். 2010இல் சுவிட்சர்லாந்து வீரர் கான்சலாரா, கல் ரோட்டுக்குப் பேர்போன பாரிஸ்–ரூபே பந்தயத்தை கார்பன் ரிம்மில் ஜெயித்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியது. ஆக, நம் மாநகராட்சி சாலையும் தாங்கும். ஒருவேளை.

நீலாங்கரை_5மணி | அடுத்த ஞாயிறு, பகல் 2:10

இரண்டாவது ஓட்டம். சோதனை செய்யப் போகவில்லை, அதற்கு முன்னாலேயே சோதனை வந்துவிட்டது.

வடநெம்மேலி, முதலைப் பண்ணை தாண்டி அரை கி.மீ. பின் டயரில் ‘புஸ்’. சீலன்ட் வெள்ளை வெள்ளையாகக் காலில் தெறித்தது, ஆனால் ஓட்டை அடைபடவில்லை. வெட்டு பெரியது, பாட்டில் கண்ணாடி. பரவாயில்லை, பையில் ட்யூப் இருக்கிறது என்று ஓரமாக உட்கார்ந்து, கை முழுக்கப் பாலாக்கிக்கொண்டு டயரைக் கழற்றி, உள்ளே ஒரு பிஸ்கட் உறையை மடித்து வைத்து, ட்யூபைப் போட்டேன். வால்வைத் துளையில் நுழைத்தேன். மறுபக்கம் எதுவும் வெளியே வரவில்லை.

புரிந்திருக்கும். பழைய வீலுக்கு வாங்கிய ட்யூப். வால்வு நீளம் 48 மி.மீ. ரிம் 50.

பக்கத்துப் பஞ்சர் கடை வரை உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ரிம்மையும் வால்வையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கிணறு ஆழம், கயிறு குட்டையா இருக்கே சார்” என்றார். இத்தனை மாதமாக நான் படித்த எல்லா விமர்சனங்களையும் விட இது தெளிவு. கடைசியில் இளநீர் ஏற்றிக்கொண்டு திருவான்மியூர் போன ஒரு குட்டி யானையில், காய்களுக்கு மேலே வண்டியைப் படுக்க வைத்து வந்து சேர்ந்தேன். டிரைவர் காசு வாங்கவில்லை. “இந்த சைக்கிள் எவ்வளவு இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். வீட்டில் சொன்ன விலையையே அவரிடமும் சொன்னேன்.

கோட்டம்_எடுப்பவன் | அடுத்த ஞாயிறு, பகல் 2:35

50 ரிம்முக்கு 80 மி.மீ. வால்வு வாங்குங்கள். ரப்பர் ட்யூப் வேண்டாம், டிபியூ என்ற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் 35 கிராம்தான், தீப்பெட்டி அளவு மடிந்துவிடும், இரண்டு வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலுக்கு சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள்.

புதுசு_2024 | அடுத்த ஞாயிறு, மாலை 5:20

கொக்கி இல்லாத ரிம் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. அது?

வாட்_கணக்கு | அடுத்த ஞாயிறு, மாலை 5:48

அதற்கு 5 பார், அதாவது 72.5 பிஎஸ்ஐ, அதற்கு மேல் ஏற்றவே கூடாது. ரிம் கம்பெனி பட்டியலில் இருக்கிற டயர் மட்டும்தான் போடலாம், டயர் அகலமும் ரிம் அகலத்துக்குப் பொருந்த வேண்டும். 2024 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகப் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி ஜென்ட் விழுந்து டயர் கழன்றபோது, 25 உள் அகல ரிம்மில் 28 டயர் போட்டது சரியா என்று உலகமே சண்டை போட்டது. நீங்கள் பெட்ரோல் பங்க் பம்பில் காற்றடிப்பவர் என்றால் கொக்கி உள்ளதையே வாங்குங்கள்.

பண்ணைப்_பாலம் | திங்கள், காலை 6:05

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறன். உங்கட முட்டுக்காடு பாலம் எவ்வளவு நீளம் எண்டு தெரியாது. எங்கட பண்ணையிலிருந்து வேலணைக்குப் போற தெரு இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க ஒரு பனை மரம்கூட இல்லை. வைகாசி பிறந்தால் சோளகம் எழும்பும். போகேக்கை அது முகத்துக்கும் இடத் தோளுக்கும் நடுவில அடிக்கும்.

நான் சொல்ல வந்தது வேறை. எல்லாரும் பக்கக் காத்தைப் பிசாசாக்கிப் போட்டியள். அந்தக் கோணத்தில வாற காத்துத்தான் இந்த வீலுக்கு நல்லது. நேர் முகத்தில அடிச்சால் மெல்லிய வீலுக்கும் உயர்ந்த வீலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் சரிஞ்சு அடிச்சால்தான் ரிம் பாய் மாதிரி வேலை செய்யும். நான் 45 வைச்சிருக்கிறன், போகேக்கை அது இழுக்கிறது தெரியும். கடலில பாய் விரிச்ச மனுசரைக் கேட்டால் சொல்லுவினம், காத்து எந்தப் பக்கமிருந்தெண்டு தெரிஞ்சால் பயமில்லை.

திடீரெண்டு வாற வீச்சுக்கு நானும் பயம்தான். அது வேறை கதை.

ஐம்பது_கிலோ | திங்கள், காலை 8:12

சோளகம்! எங்கள் குப்பத்தில் மேற்குக் காற்றைக் கச்சான் என்பார்கள். கச்சான் என்றதும் அண்ணனுக்கு நிலக்கடலை நினைவுக்கு வரும் என்று தெரியும்.

பண்ணைப்_பாலம் | திங்கள், காலை 8:20

கச்சான் காத்து எங்களுக்கும் உண்டு தங்கச்சி. கடலை வேறை, காத்து வேறை, இரண்டுக்கும் ஒரே பெயர்தான்.

நீலாங்கரை_5மணி | மூன்றாம் ஞாயிறு, பகல் 12:30

செய்துவிட்டேன் கடைசி கியர் அண்ணா. சனிக்கிழமை இரவு உட்கார்ந்து புது டயரைக் கழற்றி (சுவரெல்லாம் சீலன்ட், அதற்கும் பேச்சு வாங்கினேன்), பழைய அலுமினிய வீலில் ட்யூப் போட்டு மாட்டினேன். பெடலில் வாட் காட்டும் கருவி இருப்பதால், எப்போதும் போல 160ஐ ஒட்டியே மிதித்தேன். அதே ரோடு, அதே நேரம், அதே பனியன். காற்று மட்டும் என் கையில் இல்லை.

பழைய வீல், பழைய டயர்: என் பழைய பதிவுகளின் சராசரி 30.1.
பழைய வீல், புது டயர்: இன்று 31.1.
புது வீல், புது டயர்: முதல் ஞாயிறு 31.5.

ஆக 1.4 கி.மீ. கூடியதில் ஒன்று டயர். மீதி வீலா, ஊம்மா, நாயா என்று யாருக்குத் தெரியும். வாட் கணக்கு சார் 300 மீட்டர் என்றார், 400 வந்திருக்கிறது. அந்த 100 மீட்டரை என் காசுக்கு வட்டியாக வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பழைய வீலில் போகும்போது வண்டி மௌனமாக இருந்தது. எழுந்து மிதித்தால் அந்தத் துள்ளல் இல்லை. எண்களில் இது வராது, எனக்குத் தெரியும். காலை ஐந்து மணிக்கு எழுந்து வருவது எண்ணுக்காகவும் இல்லை. முட்டுக்காடு பாலத்தில் மட்டும் ஒரு கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே போனேன்.

கடைசி_கியர் | மூன்றாம் ஞாயிறு, பகல் 12:48

நேர்மையான ஆள். வீலை விற்காதீர்கள். டயரும் காற்றும் சரியான பிறகு அடுத்து வாங்க வேண்டியது அதுதான், நீங்கள் வரிசையை மட்டும் தலைகீழாகப் பிடித்தீர்கள்.

ஐம்பது_கிலோ | மூன்றாம் ஞாயிறு, பகல் 1:15

அண்ணா, பின்னால் 50ஐ வைத்துக்கொண்டு முன்னால் பழையதை மாட்டிப் பாருங்கள், ஐப்பசி வரைக்கும். கேலி செய்வார்கள், செய்யட்டும்.

உடுமலை_காற்றாடி | மூன்றாம் ஞாயிறு, பகல் 1:31

அந்தப் பழைய முன் வீலை விற்பதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். டிஸ்க்தானே?

நீலாங்கரை_5மணி | மூன்றாம் ஞாயிறு, இரவு 9:50

டிஸ்க்தான். ஆனால் விற்பதற்கில்லை. இப்போதுதான் மாட்டிவிட்டு வந்தேன். முன்னால் வெள்ளி, பின்னால் கறுப்பு. வீட்டம்மா பார்த்துவிட்டு, “இன்னொன்று இன்னும் வரலையா?” என்று கேட்டார்.